செரட்டோனின்: 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற பெயருக்கு முன்னால்

செரட்டோனின் ஒரு 'மகிழ்ச்சி ஹார்மோன்', அதைக் கூட்டினால் கவலை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. நம் வயதுக்காரர்கள் பலர் இதை அப்படியே நம்புகிறார்கள். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் இவ்வளவு சுலபமில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு க்ளோத் பெர்னார் பெயர் பழக்கமானது. வெளியே வெயிலடித்தாலும் பனி பெய்தாலும் உடல் தன் உள்சூழலைச் சீராக வைத்துக்கொள்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் சொன்னவர் அவர். அந்தச் சீர் குலையும்போது என்ன ஆகிறது என்று பார்த்தவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து மாண்ட்ரியலில் வேலை பார்த்தவர். எலிகளுக்கு எந்த விதமான துன்பம் கொடுத்தாலும் ஒரே மூன்று மாற்றங்கள் வருவதைக் கண்டு 1936இல் எழுதினார்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. பின்னாளில் இதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்ற பெயர் நிலைத்தது.

செல்யேயின் உரையைப் பாரிஸில் கேட்டு, அவரிடமே மாண்ட்ரியலுக்குப் போனவர் திழோனில் பிறந்த ரொழே கீமேன். பிட்யூட்டரிக்கு உத்தரவு மூளையின் ஹைபோதலாமஸிலிருந்து ரசாயனமாக வருகிறது என்று 1955இல் அவரும், தனியாக சாஃப்ரன், ஷாலி இருவரும் காட்டினார்கள். ஸ்ட்ரெஸுக்கான அந்த உத்தரவுப் பொருளை 1981இல் பிரித்தெடுத்தவர் கீமேனின் மாணவர் வைலி வேல். அதன் பெயர் சி.ஆர்.எஃப்.

ஆபீஸில் கோப்பு நகர்வது போலத்தான் இதுவும். ஹைபோதலாமஸ் சி.ஆர்.எஃப்.பை அனுப்பும். அதைக் கண்ட பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்பும். சிறுநீரகத்தின் மேல் குல்லா போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல், கார்ட்டிசாலைச் சுரக்கும். கார்ட்டிசால் திரும்ப மூளைக்குப் போய் 'போதும், கோப்பை மூடு' என்று சொல்லும்.

செரட்டோனின் கதை வேறு இடத்தில் தொடங்கியது. 1930களில் இத்தாலியில் எர்ஸ்பாமெர் குடலிலிருந்து ஒரு பொருளை எடுத்து 'என்டரமின்' என்றார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ராப்போர்ட், ஆர்டா கிரீன், பேஜ் மூவரும் மாட்டு ரத்தத்தின் சீரத்திலிருந்து, ரத்தக் குழாயை இறுக்கும் ஒரு பொருளைப் பிரித்து 'செரட்டோனின்' என்றார்கள். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெரிந்தது. 1953இல் பெட்டி ட்வாரோக் அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். 1964இல் ஸ்வீடனின் டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸெ இருவரும் மூளைத்தண்டின் நடுவில் செரட்டோனின் நரம்பணுக்கள் இருக்கும் இடங்களைக் குறித்தார்கள்.

இரண்டு கதைகளும் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அந்த நரம்புகளில் சில ஹைபோதலாமஸ் வரை போகின்றன. செரட்டோனின் அங்கே சி.ஆர்.எஃப்.பை வெளியே விடத் தூண்டுகிறது. 1970, 80களில் எலிகளிலும் மனிதர்களிலும் செய்த சோதனைகளில், செரட்டோனினைத் திடீரென்று கூட்டியபோது கார்ட்டிசால் வகை ஹார்மோன் ஏறியது. ஆபத்து வந்தால் மணியடிப்பவர்களில் செரட்டோனினும் ஒருவர்!

மணி ஓயாமல் அடித்தால்? நாள்பட்டுக் கார்ட்டிசால் அதிகமாக இருந்தால், ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் செரட்டோனினை ஏற்கும் சில ஏற்பிகள் குறைவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். கோப்பை மூடச் சொல்லும் இடங்களில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. அது தளர்ந்தால் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்மில் சிலர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். செரட்டோனின் மாத்திரைகளில் முதல் சில நாட்கள் சிலருக்குப் படபடப்பு கூடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 'மகிழ்ச்சி மாத்திரை' என்று நம்பியவர் நான்காம் நாளே 'இது எனக்கு ஒத்துக்கவில்லை' என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடுகிறார். இது அவசரத்தால் வரும் நஷ்டம். படபடப்பு அதிகமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று அவர் சொல்லட்டும்.

இன்னொன்று: உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு பழத்தைத் தின்றால் கவலை தீரும் என்ற செய்தி வந்தால், மற்றவர்களுக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.