காணியும் தலைமையும்: சன்ரிசுக்காக் கமக்காரர் சங்கத்தின் பிளவு பற்றிய ஒரு நோக்கு

கமக்காரர் இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவ்வியக்கங்கள் எதிர்கொண்ட புறப்பகையையே விரித்துரைப்பர். காணியைப் பறிக்க முனைந்த அரசு, தடியோடு வந்த பொலிசார், நட்டஈட்டுப் பணத்தோடு வந்த தரகர் ஆகியோர் அவ்வரலாறுகளிலே தெளிவாகத் தோன்றுகின்றனர். ஆயின் ஓர் இயக்கம் தனக்குள் எவ்வாறு உடைந்தது, ஒரே அணியில் நின்றோர் ஒருவரையொருவர் எவ்வாறு பகைவராகக் கொண்டனர் என்னும் வினாக்கள் 'தலைவர்களின் பதவி மோகம்' என்ற ஒரு சொற்றொடரோடு முடித்து வைக்கப்படுகின்றன. யப்பானின் சன்ரிசுக்காப் பகுதியில் 1966ஆம் ஆண்டில் எழுந்த கமக்காரர் போராட்டத்தை நோக்குமிடத்து இவ்விளக்கம் போதாதென்பது புலனாகும். பதினேழு ஆண்டுகளாகப் பொலிசாரின் தாக்குதலால் உடையாத ஒரு சங்கம் 1983இல் உட்பூசலால் உடைந்தது. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காணியும் அதற்குரியோரும்

1960களில் தோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையம் பெருகிவந்த போக்குவரத்துக்குப் போதாதென அரசு கருதியது. 1965 நவம்பரில் சிபா மாகாணத்தின் தொமிசாத்தோ என்னும் இடம் புதிய விமான நிலையத்துக்குத் தெரியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அங்கு எதிர்ப்புக் கடுமையாக எழவே, திட்டம் அண்மையிலிருந்த சன்ரிசுக்காவுக்கு மாற்றப்பட்டது. 1966 யூலை 4ஆம் திகதி பிரதமர் சத்தோ எய்சாக்குவின் அமைச்சரவை இதனைத் தீர்மானித்தது. அத்தீர்மானத்துக்கு முன்னர் காணிக்குரியோரின் சம்மதம் பெறப்படவில்லை. பின்வந்த பகைமை அனைத்துக்கும் இதுவே வித்தாயிற்று.

சன்ரிசுக்காவில் அரச குடும்பத்துக்குரிய மேய்ச்சல் நிலமொன்று இருந்தது. அதனை நடுவாகக் கொண்டால் தனியாரிடமிருந்து சுவீகரிக்க வேண்டிய காணி குறையும் என்பது அதிகாரிகளின் கணக்கு. எனினும் வேண்டப்பட்ட ஏறத்தாழ 1,060 ஹெக்டயரில் 670 ஹெக்டயர் வரை தனியார் காணியாகவே இருந்தது. அக்காணிக்குரியோர் இருவகையினர். ஒருசாரார் தலைமுறை தலைமுறையாகப் பழைய கிராமங்களில் வாழ்ந்தோர். மற்றையோர் இரண்டாம் உலகப் போரின் பின் குடியேறியோர். போரில் தோற்ற நாட்டிலே காணியற்றோராகவும் கடல்கடந்த பகுதிகளிலிருந்து திரும்பியோராகவும் வந்த இவர்கள், காடு வெட்டி, வேர் அகழ்ந்து, இருபது ஆண்டுகளில் விளைநிலம் உண்டாக்கினர். அந்நிலம் பயன்தரத் தொடங்கிய வேளையிலேயே அதனை விட்டு வெளியேறுமாறு அரசு கூறியது. கடனும் வறுமையும் மிகுந்த இக்குடியேற்றவாசிகளுட் பலர் நட்டஈட்டைப் பெற்றுக்கொண்டு வெளியேறியமையும் மறைத்தற்குரியதன்று. எஞ்சியோரே நீண்டகாலம் போராடினர்.

சங்கத்தின் அமைப்பு

1966 கோடைக்காலத்தில் சன்ரிசுக்காவிலும் அயலிலுள்ள ஷிபயாமாவிலும் தோன்றிய எதிர்ப்பு அமைப்புகள் ஒன்றிணைந்து ஐக்கிய எதிர்ப்புச் சங்கமாயின. தலைவராகத் தெரிவு செய்யப்பட்ட தொமுரா இசாக்கு கமக்காரர் அல்லர். அவர் கமத்தொழிற் கருவிகளை விற்றவர், கிறிஸ்தவர், சிற்பி. செயலாளர் கித்தஹாரா கோஜியும் சன்ரிசுக்காவில் உடுபுடைவைக் கடை நடத்தியவரே. ஆயினும் சங்கத்தின் உண்மையான அத்திவாரம் ஊர்களே. ஒவ்வோர் ஊரும் கூடிப் பேசித் தன் நிலைப்பாட்டைத் தீர்மானித்தது. முதியோர், பெண்கள், இளைஞர், சிறுவர் ஆகியோருக்குத் தனித்தனி அணிகள் அமைந்தன. வீட்டுக்கு ஓர் ஆண் கூட்டத்துக்குச் செல்லும் மரபு மாறி, வீட்டிலுள்ள அனைவருமே போராட்டத்திற் பங்கு கொண்டமை யப்பானியக் கிராமிய வாழ்வில் ஒரு பெருமாற்றமாகும்.

இவர்கள் கையாண்ட உத்திகளுள் ஒன்று பின்வந்த பிளவோடு தொடர்புடையதாதலின் இங்கு விளக்கப்பட வேண்டியதாகும். யப்பானிய நில அளவையில் 'சுபோ' என்பது ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர். போராட்டத்தின் தொடக்கத்திலேயே, விமான நிலைய எல்லைக்குள் அமைந்த சில காணித் துண்டுகளை ஆதரவாளர் பலரின் பெயரிற் பங்குக் காணியாகப் பதிவு செய்தனர். ஒரு துண்டுக்கு உரியோர் பலராயின் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அறிவித்தல் கொடுத்து அரசு வழக்காட வேண்டும். காணியைக் காக்கும்பொருட்டு அதனை வெளியாருடன் பகிர்ந்துகொண்ட இவ்வுத்தியில் ஒரு முரண்பாடு உறங்கிக் கிடந்தது. உழுபவன் ஒருவனாகவும் உறுதியில் பெயருள்ளோர் பலராகவும் இருப்பின், காணி பற்றிய இறுதி முடிவு யாருடையது? 1966இல் எவரும் இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய தேவையும் அன்று தோன்றவில்லை.

பொலிசாருடன் மோதல்

1967 ஒக்ரோபர் 10ஆம் திகதி எல்லை அளவைக்காக ஏறத்தாழ 2,000 கலகத் தடுப்புப் பொலிசார் கொண்டுவரப்பட்டனர். வீதியில் அமர்ந்திருந்த கமக்காரர் தூக்கி அகற்றப்பட்டனர். அந்நாளில் நேரடி எதிர்ப்பிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி ஒதுங்கி நின்றதெனக் குற்றஞ்சாட்டிய சங்கம், அவ்வாண்டின் இறுதியில் அக்கட்சியோடு உறவை முறித்துக்கொண்டது. அவ்விடத்தைப் புதிய இடதுசாரி மாணவர் குழுக்கள் நிரப்பின. 1968 பெப்ரவரி 26ஆம் திகதி நரிதா நகரில் நிகழ்ந்த மோதலில் தொமுரா பொலிசாரின் தடியடியால் தலையிற் படுகாயமடைந்தார். அதன்பின் மாணவரைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கிய கமக்காரரும் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றனர். ஊர்கள்தோறும் எழுந்த 'ஒற்றுமைக் குடில்'களில் தங்கிய மாணவர்கள் வயலிலும் உதவினர், மறியலிலும் நின்றனர். சங்கத்தின் தீர்மானத்துக்கு ஆதரவாளர் கட்டுப்படுவர் என்பதே இவ்வுறவின் அடிப்படையாக அமைந்தது.

1971ஆம் ஆண்டு இம்மோதல்களின் உச்சமாகும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் முதற் கட்டக் காணி சுவீகரிப்பு நடந்தபோது கமக்காரர் மரங்களோடு தம்மைச் சங்கிலியாற் பிணைத்தனர். நிலத்தடியிற் சுரங்கம் அகழ்ந்து அதனுட் புகுந்தனர். செப்ரெம்பர் 16ஆம் திகதி, இரண்டாம் கட்டச் சுவீகரிப்பின்போது, தோஹோ நாற்சந்தியில் பொலிஸ் அணியொன்று தாக்கப்பட்டு மூன்று பொலிசார் கொல்லப்பட்டனர். நான்கு நாட்களின் பின் தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் வீடு அரசினால் இடித்தகற்றப்பட்டது. அடுத்த மாதத் தொடக்கத்தில் இளைஞர் அணியைச் சேர்ந்த 22 வயதுடைய ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குட்பட்ட இந்நிகழ்ச்சிகள் ஊர்களில் ஆழ்ந்த துயரை விளைத்தன. பெருந்தொகையான இளைஞர் கைது செய்யப்பட்டு நீண்ட வழக்குகளுக்கு ஆளாயினர்.

1977 மே மாதத்தில் எதிர்ப்பாளர் எழுப்பிய இரும்புக் கோபுரம் அகற்றப்பட்டதைத் தொடர்ந்த மோதல்களில் ஆதரவாளர் ஒருவரும் பொலிசார் ஒருவரும் உயிரிழந்தனர். 1978 மார்ச் 26ஆம் திகதி, திறப்பு விழாவுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், நிலத்தடிக் கழிவுநீர் வழியாகப் புகுந்த ஓர் அணியினர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கைப்பற்றி அதன் கருவிகளைத் தகர்த்தனர். விமான நிலையம் மே 20ஆம் திகதியே, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பொலிசாரின் காவலில், ஒரேயோர் ஓடுபாதையோடு திறக்கப்பட்டது. போர்க்குணத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்ட இந்நிகழ்ச்சி சங்கத்தினுள் ஒரு மாற்றத்தையும் வெளிப்படுத்தியது. முதற் சுவீகரிப்பின்போது முன்னின்றோர் ஊரவர். கோபுரத்தின் உச்சியில் நின்றோர் வெளியூர்க் குழுக்களைச் சார்ந்தோர். போராட்டத்தின் வலு காணியிலிருந்து அணிகளுக்கு இடம்பெயர்ந்திருந்தது.

1983ஆம் ஆண்டின் பிளவு

விமான நிலையம் இயங்கத் தொடங்கியபின் கமக்காரர் முன் ஒரு புதிய கேள்வி எழுந்தது. இரைச்சலின் நடுவே எவ்வாறு கமஞ்செய்து வாழ்வது என்பதே அது. அரசும் இதனை அறிந்து, நீர்ப்பாசன மேம்பாட்டுத் திட்டமொன்றை மானியத்தோடு முன்வைத்தது. சேற்றுநிலத்தைத் திருத்த விரும்பிய கமக்காரனுக்கு அது தேவை. போராட்ட நோக்கில் அது கைக்கூலி. இதற்கிடையில் 1979 நவம்பரில் தொமுரா காலமானார். வெவ்வேறு கருத்தினரை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அவரது இடம் நிரப்பப்படவில்லை. அரசுத் தரப்போடு மறைவாகப் பேசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிலர் பொறுப்புகளிலிருந்து விலக நேர்ந்தது. ஐயம் ஊர்களுக்குட் புகுந்தது.

இந்நிலையில்தான் பழைய பங்குக் காணி வினா எழுந்தது. இரண்டாம் கட்டக் கட்டட வேலைக்குரிய பகுதியிலிருந்த பங்குக் காணிகளை நாடெங்குமுள்ள மேலும் பல ஆதரவாளருக்குப் பகிர்ந்து பதிய வேண்டுமென ஒரு சாரார் கூறினர். கமக்காரரான அத்சுதா ஹஜிமே இவர்களுள் முதன்மையானவர். நான்காம் அகிலத்தைச் சார்ந்தோர் முதலிய குழுக்கள் இவர்களை ஆதரித்தன. பணம் பெற்றுக் காணியைப் பங்கிடுவது காணியை விற்பதேயாகும் என்றனர் செயலாளர் கித்தஹாராவும் அவரை ஆதரித்த சூக்ககு குழுவினரும். 1983 மார்ச் 8ஆம் திகதி சங்கம் இரண்டாயிற்று. இரு பிரிவினரும் ஒரே பெயரையே தமக்குரியதாக உரிமை கோரினர்.

பிளவு சொற்போரோடு நிற்கவில்லை. 1984 சனவரியிலும் யூலையிலும் சூக்ககு குழுவினர் வெவ்வேறு நகரங்களில் நான்காம் அகிலத்தினரின் இருப்பிடங்களைத் தேடிச்சென்று தாக்கினர். அவர்களுள் ஒருவர் கால் ஒன்றை இழந்தார். பங்குக் காணிக்குரியோர் அச்சுறுத்தப்பட்டனர். 1971இல் பொலிசாருக்கெதிராக உயர்ந்த இரும்புக் குழாய் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தோழனாக இருந்தவனின் மீது விழுந்தது. 1985 ஒக்ரோபர் 20ஆம் திகதி சன்ரிசுக்கா நாற்சந்தியில் கித்தஹாரா பிரிவை ஆதரித்தோர் பொலிசாரோடு பெரும் மோதலில் ஈடுபட்டு இருநூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர். 1987இல் அப்பிரிவிலிருந்தும் ஒரு சாரார் பிரிந்தனர். 1988 செப்ரெம்பரில் சிபா மாகாணக் காணி சுவீகரிப்புக் குழுவின் தலைவர் வீதியிற் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். அக்குழுவின் உறுப்பினர் அனைவரும் பதவி விலக, 2004 வரை அக்குழு இயங்கவில்லை.

பதவி மோகமா?

இவ்வரலாற்றைப் பதவிப் போட்டியாகக் கொள்வோருக்கு ஒரு செய்தி தடையாக நிற்கின்றது. தொமுராவின் பின் தலைவர் பதவி வெற்றிடமாகவே இருந்தது. கித்தஹாரா 2017இல் இறக்கும்வரை செயலாளராகவே இருந்தார். ஆகவே சண்டை நாற்காலிக்காக எழுந்ததன்று. காணி பற்றி முடிவு செய்யும் உரிமை உழுபவனுக்கா, ஊருக்கா, உறுதியிற் பெயருள்ள ஆதரவாளனுக்கா, அன்றேல் போராட்டத்தின் கொள்கைக்கா என்பதே உண்மையான வழக்கு. கொள்கையே மேலானது எனக் கொள்வோர்க்கு நீர்ப்பாசனம் வேண்டிய கமக்காரன் துரோகியாகத் தோன்றுவான். பொலிசாரோடு போரிடும் நாட்களில் இவ்வழக்கை விசாரிக்க நேரமில்லை. விசாரிக்கும் நேரம் வந்தபோது, அதனைத் தீர்க்கவல்ல ஊர்க் கூட்டத்தின் அதிகாரம் தேய்ந்து போயிருந்தது.

இதற்கு மாணவர் குழுக்களை மட்டும் பொறுப்பாக்குவது நீதியாகாது. 1968இல் அவர்கள் வந்திராவிடின் போராட்டம் அவ்வாண்டிலேயே அடங்கியிருக்கலாம். சம்மதம் கேட்காது தீர்மானித்துப் பின் தடியோடு வந்த அரசே, தடிக்குத் தடி ஏந்தக்கூடிய துணையை நாடுமாறு கமக்காரரை நெருக்கியது. ஆயின் கடன் வாங்கிய வலுவுக்கும் வட்டியுண்டு. போரிடத் தெரிந்தவனின் சொல்லுக்கு உழத் தெரிந்தவனின் சொல்லிலும் மதிப்பு ஏறியமையே அவ்வட்டியாகும்.

பின்வந்த நிகழ்ச்சிகள் இதனை உறுதி செய்கின்றன. பலாத்காரத்தைப் பயன்படுத்துவதில்லை என 1991இல் அரசு வாக்களித்த பின்னர், பொருளியலறிஞர் சுமியா மிக்கியோவின் தலைமையிற் பதினைந்து அமர்வுகள் கொண்ட கருத்தரங்கு 1993 வரை நடந்தது. அத்சுதா பிரிவினர் அதிற் பங்குபற்றினர். ஏனைய பிரிவினர் பங்குபற்றவில்லை. 1993இல் அரசு சுவீகரிப்பு விண்ணப்பங்களை மீளப் பெற்றது. 1995இல் பிரதமர் முராயாமா தொமிச்சி கமக்காரரிடம் மன்னிப்புக் கோரினார். இரண்டாவது ஓடுபாதை 2002இலேயே, எண்ணிய நீளத்திற் குறைந்ததாய், 2,180 மீற்றரோடு திறக்கப்பட்டது. 1966இல் ஊர்க் கூட்டங்களில் அமர்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அரசு கால் நூற்றாண்டின் பின் கேட்டது. ஆனால் ஒன்றாக நின்று விடை கூறவல்ல சங்கம் அப்போது அங்கு இருக்கவில்லை.

ஒரு கமக்காரர் சங்கத்தின் வலிமையை அது எத்தனை பொலிசாரை எதிர்த்து நின்றது என்பதைக் கொண்டு அளவிடுவது வழக்கம. கருத்து மாறுபட்ட தன் உறுப்பினனை அது எவ்வாறு நடத்தியது என்பதையும் சேர்த்தே அளவிட வேண்டும் என்பது சன்ரிசுக்கா வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபாகும்.