தெருவிளக்கும் தாசில்தாரும்

பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பிள்ளை உள்ள தமிழ் வீடுகளில் ஒருமுறையேனும் தெருவிளக்குக் கதை சொல்லப்படாமல் இருப்பதில்லை. வீட்டில் விளக்கெரிக்க எண்ணெயில்லாத ஏழைச் சிறுவன் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான கதை அது. திருவாரூர் முத்துசாமி ஐயரின் கதை. இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் அவர் சிலையாக அமர்ந்திருக்கிறார். கதையைச் சொல்லும் தந்தையர் பெரும்பாலும் மின்விசிறியின் கீழ் அமர்ந்துதான் அதைச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கதையில் நமக்குள்ள மனக்குறை, அதில் ஒரு பாத்திரம் விடுபட்டுப்போனது பற்றியது. 1832இல் பிறந்த முத்துசாமி சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வேலை பார்த்தார். சில காலத்தில் தாயும் போனார். அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். பெயர் ஒற்றுமையைத் தவிர இருவருக்கும் வேறு உறவில்லை. பையனை முதலில் நாகப்பட்டினத்துப் பள்ளியில் சேர்த்து, பிறகு அறிமுகக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். தெருவிளக்கு இருந்த தெருவுக்கு அந்தச் சிறுவன் வந்து சேர்ந்ததே தாசில்தாரின் தயவில்தான். ஆனால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது விளக்கை வைத்துக்கொண்டு தாசில்தாரைத் தள்ளிவிடுகிறோம். தனியனாய்ப் போராடி வென்றவன் கதைதான் நமக்கு வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம் நம் நண்பர் ஒருவர். நம்மைப் போலவே சிற்றிதழ்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் வாழ்நாளைச் செலவழித்தவர். அவர் மகள் இவ்வாண்டு பிளஸ் டூ. ஜூன் மாதத்தில் அவர் செய்த முதல் காரியம், கூடத்திலிருந்த கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. நாவல்களெல்லாம் உள்ளே. "ஒரு வருஷம்தானே" என்றார் நம்மிடம். மகள் ஒருநாள், "அப்பா, பாடப் புத்தகத்தை மூடின பிறகாவது சாவியைக் குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். அவர் கொடுக்கவில்லை. கொடுக்காததை நம்மிடம் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

தேர்வாண்டு என்ற ஒன்று நம்மிடம் எப்போதிலிருந்து இருக்கிறது? சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1857இலிருந்து என்று பொதுவாகச் சொல்லலாம். பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மெட்ரிகுலேஷன் என்ற வாயிற்படி வைக்கப்பட்டது. அதற்கு முன்பும் கல்வி இருந்தது, கடுமையும் இருந்தது. ஆனால் கற்பித்தவரே மாணவன் தேறினானா என்று சொன்னார். உ.வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். திருவாவடுதுறையில் மடத்தின் ஆதரவு இருந்தது. ஆசிரியர் மாணவனின் உணவைப் பற்றியும் கவலைப்பட்டார், காய்ச்சலைப் பற்றியும் கவலைப்பட்டார், செய்யுளைப் பற்றியும் கவலைப்பட்டார். பல்கலைக்கழகத் தேர்வு இந்த ஒன்றை இரண்டாகப் பிளந்தது. கற்பிப்பவர் ஒருவர், விடைத்தாளைத் திருத்துபவர் முகம் தெரியாத வேறொருவர். அந்த இடைவெளியில்தான் வீடு வந்து நின்றது என்று நாம் நினைக்கிறோம். முகம் தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் அச்சம் அன்று பிடித்தது, இன்னும் நம் வீடுகளை விட்டபாடில்லை. (எந்தப் பல்கலைக்கழகத் தேர்வையும் எழுதாத சாமிநாதையரே 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தார் என்பதை நினைத்தால் புன்னகை வருகிறது.)

உயர்நிலைப் பள்ளிகள் நகரங்களில்தான் இருந்தன. கிராமத்துப் பையன் படிக்க வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு வேறோர் ஊரில் சோறு வேண்டும். பிராமணப் பையன்களுக்கு வாரச் சாப்பாடு என்ற ஏற்பாடு இருந்தது. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு வீடுகள். அதில் அவமானமும் உண்டு, ஆயினும் வயிறு நிறைந்தது. மற்றச் சாதிப் பையன்களுக்கு அந்த ஏழு வீடுகளும் இல்லை. சென்னையின் உணவு விடுதிகளில் பலவும் இல்லை. டாக்டர் சி. நடேச முதலியார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கியதை அரசியல் வரலாற்றின் முன்னுரையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். அதைத் தேர்வின் வரலாறாகவும் படிக்கலாம். தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது எந்தத் தேர்ச்சிப் பட்டியலிலும் வராது. அதே 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் கல்விக் கழகம் நிறுவினார். அங்கும் படிப்போடு தங்குமிடத்தையும் உணவையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது.

பெண்களின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கே முதல் தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பூப்பெய்திய பின் பள்ளிக்குப் போவது நின்றது. கல்லூரி முதல்வராயிருந்த தந்தை நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து மெட்ரிகுலேஷன் எழுதவைத்தார். பின்னாளில் அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சகோதரி சுப்பலட்சுமி சிறுவயதிலேயே மணமாகிக் கைம்பெண்ணானவர். 1911இல் பட்டம் பெற்ற அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துணிந்து படிக்கவைத்த தந்தை சுப்பிரமணிய ஐயரைச் சொல்கிறோம். அவருடைய சித்தி வாலாம்பாளைச் சொல்வது குறைவு. சித்தியும் இளம் விதவைதான். சுப்பலட்சுமி படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அடுப்பையும் குடும்பத்தையும் தாங்கியவர். பிறகு சுப்பலட்சுமி இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்தபோது அந்தப் பெண்களுக்கும் அவரே சித்தியானார். மோனிகா ஃபெல்டன் 1966இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படிப்பவர்கள் சித்தியை மறக்க மாட்டார்கள். அவரைப் போன்றவர்கள் சமைத்த சோற்றைத் தின்றுதான் ஒரு தலைமுறைப் பெண்கள் தேர்வெழுதப் போனார்கள். சித்தி எழுதிய தேர்வு ஒன்றும் இல்லை.

இனி கும்பகோணம். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறு வீடு. தந்தை சீனிவாச ஐயங்கார் சேலைக் கடையில் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாததால் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டுப் பணம் வாங்கினார்கள். அந்த மாணவர்களிடமிருந்து வீட்டுப் பையன் அவர்களுக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் கற்றுத் தீர்த்தான். லோனியின் திரிகோணவியல் நூலையும் படித்து முடித்தான். 1903ஆம் ஆண்டு ராமானுஜனின் மெட்ரிகுலேஷன் ஆண்டு. டிசம்பரில் தேர்வு. அந்த ஆண்டில்தான் கார் என்பவர் தொகுத்த ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் கொண்ட கணித நூல் அவர் கைக்கு வந்தது. பாடத்திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தேர்வாண்டில் பிள்ளை வேண்டாத புத்தகம் படிக்கிறான் என்று யாரும் அதைப் பிடுங்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறினார், 1904இல் பள்ளியின் கணிதப் பரிசும் பெற்றார், உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தப் புத்தகம் அவருக்கு நன்மை செய்தது என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்க மறுத்தார், ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரையே நேரில் போய்க் கேட்டார் என்று படிக்கிறோம். முதல்வர் மரியாதையாகப் பேசினார், முடிவை மாற்றவில்லை. 1905இல் ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பையனைக் காணோம் என்று குடும்பத்தார் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். திரும்பி வந்தபின் 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார், உடற்கூற்றியலும் பிறவும் அவரைக் கவிழ்த்தன. 1907இல் மீண்டும் எழுதி மீண்டும் தோற்றார்.

இந்த வரலாற்றைக் கேம்பிரிட்ஜில் கொண்டுபோய் முடித்துத் திருப்தியடைவது நம் வழக்கம். நாம் 1905இல் சற்று நிற்க விரும்புகிறோம். அந்த வீட்டில் யாருக்கும் கேம்பிரிட்ஜ் தெரியாது. தெரிந்ததெல்லாம் பதினேழு வயதுப் பையன் தோற்றுவிட்டான், வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்பதுதான். வந்தபின் அவனுக்குச் சோறு போட்டார்கள். கணக்குப் போட இடம் விட்டார்கள். ஆதரவு என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் அதற்கு மேல் பொருள் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த இரண்டும் எவ்வளவு அரிது என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

பிறகு தேர்வுகளின் பெயர்கள் மாறின. 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, கல்லூரிக்குள் இன்டர்மீடியட்டும் பின்னர் பி.யு.சி.யும் வந்துபோயின. 1978இல் பிளஸ் டூ தொடங்கி 1980 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. பி.யு.சி. கல்லூரியில் இருந்தவரை பையன் ஓரளவு பெரியவனாகக் கருதப்பட்டான். அதே வயதுப் பிள்ளை பள்ளிச் சீருடைக்குள் வந்ததும் மீண்டும் குழந்தையாகிவிட்டான் என்பது நம் கணிப்பு. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு சேர்ந்ததும் அரை மதிப்பெண் என்ற அளவை வீட்டில் எல்லோரும் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுகளின் வீடுகளை நம்மில் பலர் நேரில் அறிவோம். அதிகாலை நான்கு மணிக்கு அம்மா எழுந்து காபி போட்டுப் பிள்ளையை எழுப்புவாள். பிள்ளை தூங்கிவிடாமலிருக்கத் தானும் எதிரே உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தடை; பிறகு கேபிள் இணைப்பே துண்டிப்பு. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு யாராவது ஒருவர்தான் போவார்கள். முடிவு வரும் நாளில் மாலைப் பத்திரிகையின் எண்கள் பொதிந்த பக்கத்தை விளக்குக் கம்பத்தின் கீழேயே பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு; எண் இல்லாத வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் பரவியபோது, நான்கு மணி அம்மாவின் வேலையையும் விலைகொடுத்து வாங்க முடிந்தது. அங்கே அந்த வேலையைச் செய்தது மணி. எதிரே விழித்திருக்க யாரும் இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டாண்டுகள் நெட்டுருப் போடவைக்கும் வழக்கம் பரவிற்று. அதைத் தடுக்க 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் அதைக் கைவிட்டார்கள். நுழைவுத்தேர்வு 2007இல் போயிற்று. மருத்துவத்துக்கு 2017இல் நீட் வந்தது. அதே 2017இல் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. இவற்றுள் ஐயத்துக்கு இடமின்றி நல்ல காரியம் என்று நாம் கருதுவது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். பெற்றோர் சிலர் ஏமாந்த முகத்தோடு இருந்ததை நாம் பார்த்தோம். ஓராண்டாக எதற்குக் காவலிருந்தோமோ அது வராமலே போய்விட்டது.

நண்பரிடம் சென்ற வாரம் ராமானுஜனின் 1903ஆம் ஆண்டைச் சொன்னோம். அவருக்கு அது தெரியாததல்ல; நம்மைவிட நன்றாகத் தெரியும். "அந்தப் புத்தகத்தாலதானே சார் அவர் ஃபெயிலானார்?" என்றார். மறுக்க முடியவில்லை. தாசில்தாரையும் சித்தியையும் சொன்னோம். கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது, தானும் ஜூனிலிருந்து ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, மகள் படிக்க முடியாததைத் தான் மட்டும் படிப்பது நியாயமில்லை என்று தோன்றிற்று என்றார். அதை அவர் மகளிடம் சொல்லியிருக்கவில்லை. இரவு அவள் படித்து முடிக்கும்வரை பூட்டிய அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். மார்ச்சுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.