துறை நிறுவனமானபோது: ஆவடித் தொழிலாளர் கண்ட மாற்றம்

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை என்றால், ஒரு காலத்தில் அதற்கு மத்திய அரசு உத்தியோகம் என்பதே பொருள். அந்தப் பொருள் எவ்வாறு படிப்படியாக மாறிற்று என்பதை, நம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பைப் பற்றிக் கவலைப்படும் நாம் அறிந்திருப்பது நல்லது.

1961-இல் நிறுவப்பட்ட இத்தொழிற்சாலை, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1965-இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கியை உருவாக்கியது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கிய இவ்வாலைக்கு, இராணுவம் கேட்டதைச் செய்து கொடுப்பதே கடமை. இலாபம் ஈட்டுவது நோக்கமன்று. தொழிலாளியும் அரசு ஊழியர். ஊதியக் குழுவின் பரிந்துரையும் ஓய்வூதியமும் அவருக்கு உண்டு.

முதல் விரிசல் ஓசையின்றி வந்தது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த குடிமைப் பணியாளர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் புதிய திட்டமே. ஒரே இயந்திரத்தருகே நின்ற மூத்தவருக்கும் இளையவருக்கும் முதுமைக்கால உறுதி வெவ்வேறாயிற்று.

அடுத்த மாற்றம் ஓசையுடன் வந்தது. படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனமாக்கும் திட்டத்தை எதிர்த்து, 2019 ஆகஸ்ட் 20 அன்று நாடெங்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பேச்சுவார்த்தைக்குப் பின் சில நாள்களில் அது நிறுத்தப்பட்டது. 2021-இல் மீண்டும் அறிவிப்பு வந்தபோது, ஜூன் 30 அன்று வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. மீறுவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கவும் அதில் இடமிருந்தது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தில் சேர்ந்தன. அதே ஊரிலுள்ள படை உடைத் தொழிற்சாலையோ கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்துக்குப் போயிற்று. அண்டை ஆலைகளில் பணிபுரிந்தோர் ஒரே நாளில் வெவ்வேறு நிறுவனங்களின் கீழ் வந்தனர்.

தொழிலாளர்கள் அரசு ஊழியர்களாகவே நீடித்து, இரண்டாண்டுகள் அயற்பணியில் இருப்போராகக் கருதப்படுவர் என்றது அரசு. பணி நிபந்தனைகள் குறையா என்றும் உறுதியளித்தது. அந்தக் கால வரம்பு பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆயினும் வேலையின் போக்கு வேறாயிற்று. வரவு செலவும் இலாப நட்டமும் இனி நிறுவனத்தின் பொறுப்பு. ஆணைகள் வந்தால்தான் ஆலைக்கு வேலை. நிறுவனமாவதற்குச் சில நாள்கள் முன்னர், 2021 செப்டம்பர் 23 அன்று, 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பிலான ஆணை ஆவடிக்குக் கிடைத்தது. அத்தகைய ஆணைகளின் தொடர்ச்சியே இனி தொழிலாளியின் நிம்மதி.

கடன் கொடுக்கல் வாங்கலைக் காலத் தவணையோடு எழுதிக்கொள்ளுமாறு நம் மார்க்கம் கற்பிக்கிறது. வேலைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். எந்த உறுதி சட்டத்தில் இருக்கிறது, எது வழக்கத்தில் மட்டும் இருக்கிறது, எதற்குக் கெடு உண்டு என்று கேட்டறிந்தபின் பிள்ளைகளைப் பணியில் சேர்ப்போம். உழைப்பை அமானிதமாகக் கருதி வேலை செய்பவருக்கு, அவருக்களித்த வாக்கும் அமானிதமாகவே காக்கப்பட வேண்டும்.