வானத்துப் பேன்

குபேரன் வைத்திருந்தானாம்; இராவணன் கவர்ந்தானாம்; இராமன் அதிலேறி அயோத்தி மீண்டானாம். புட்பக விமானத்தில் ஏறியவர் பட்டியலைப் புராணம் பிசகாமல் சொல்லும். சிறகு எத்தனை முழம், எடை எவ்வளவு, எது அதனை உந்திற்று என்று கேட்டுவிட்டாலோ வாய் மூடிக்கொள்ளும். கேட்டவனுக்குக் கிடைப்பது விடையன்று, வசை!

1934-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டில் ஒரு நூல் வெளிவந்தது. அதிலும் ஒரு விமானம் உண்டு. ஆனால் முழக்கணக்கும் உண்டு, எடைக்கணக்கும் உண்டு. எந்த மரத்தை எந்த அளவில் அறுப்பது, எங்கே பசை தடவுவது, எங்கே ஆணி அடிப்பது, துணியை எப்படி இழுத்துப் போர்த்துவது என்பதெல்லாம் உண்டு. எழுதியவர் பெயர் ஆன்ரி மின்யே. விமானத்துக்கு அவர் இட்ட செல்லப்பெயர், ‘வானத்துப் பேன்’! ஆங்கிலேயருக்குப் பேன் என்ற சொல் கூச்சத்தைத் தந்தது போலும்; ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று மாற்றிக்கொண்டனர்.

வேதம் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று நீதி வகுத்த நாட்டிலே பிறந்தவர் நாம். ஆகவே, கற்றதை மூடி வைக்காது திறந்து வைத்தவர்பால் நமக்குத் தனிப்பற்று இருப்பதில் வியப்பில்லை. மின்யேக்கு முன்பே ஒருவர் அவ்வாறு செய்திருந்தார். பிரேசிலில் பிறந்து பாரிசில் வாழ்ந்த சான்டோஸ் டூமோன், மூங்கிலும் பட்டுத்துணியும் கொண்டு 1909-க்குள் ஒரு சிறு விமானத்தைச் செப்பனிட்டு முடித்தார். ‘தெமுவாசெல்’ என்று அதற்குப் பெயர். இளநங்கை என்றும் பொருள், ஊசித்தட்டான் என்றும் பொருள். காப்புரிமை கொள்ளவில்லை அவர். யார் வேண்டுமானாலும் கட்டுக என்று விட்டார். 1910-ல் அதன் வரைபடங்கள் ‘பாபுலர் மெக்கானிக்ஸ்’ எனும் அமெரிக்க இதழில் வெளிவந்தன.

மின்யே இன்னும் ஒருபடி மேலே சென்றார். கட்டுவது மட்டுமன்று, ஓட்டுவதும் எளியோர்க்குக் கைவர வேண்டும் என்றார். அன்றைய விமானத்தை ஓட்டக் கையும் காலும் ஒருங்கே இயங்க வேண்டும்: கைப்பிடியால் மூக்கை ஏற்றி இறக்கி, சிறகோரத் தகடுகளால் சாய்த்து, காலால் சுக்கானைத் திருப்ப வேண்டும். தமக்கே அது பிடிபடவில்லை என்று ஒளிக்காமல் சொன்னவர் மின்யே. ஆகவே காலுக்கு வேலையே வைக்கவில்லை. முன்னே ஒரு சிறகு, பின்னே ஒரு சிறகு. முன்சிறகு கீல் மேல் அசையும். பிடியை இழுத்தால் அச்சிறகு நிமிரும், விமானம் ஏறும். பக்கவாட்டில் தள்ளினால் சுக்கான் திரும்பும். அவ்வளவே! சிறகின் அகலம் ஏறத்தாழ ஆறு மீட்டர். ஆளில்லா எடை ஏறத்தாழ நூறு கிலோ. மோட்டார் சைக்கிளுக்குரிய எஞ்சின். சரக்குப்பெட்டி அடிக்கத் தெரிந்த கைக்கு இதுவும் கைகூடும் என்பது அவர் துணிபு. 1933 செப்டம்பரில் தாமே ஏறிப் பறந்தார். 1935 ஆகத்தில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார்.

பிறகென்ன! தச்சுப்பட்டறையிலும் கொல்லைப்புறத்திலும் பேன்கள் பிறந்தன. பிரிட்டனில் நூலின் மொழிபெயர்ப்பு ஆயிரக்கணக்கில் விற்றது. அகப்பட்ட எஞ்சினைப் பூட்டினர், பறந்தனர்.

சிலர் மாண்டனர்.

மூக்கு கவிழ்ந்த விமானம் மீளாமல் நேரே மண்ணில் பாய்ந்தது. ஒருமுறையன்று, பன்முறை. கற்றுக்குட்டிகள் கட்டினால் இதுதான் கதி என்று கைகொட்டினர் சிலர். ஆனால் 1936-ல் பிரிட்டனில் இறந்தோருள் விமானப்படையில் தேர்ந்த ஓட்டிகளும் இருந்தனர். குற்றம் கட்டியவன் குலத்திலா, கட்டப்பட்ட பொருளிலா?

வினவினர்; விடை தேடினர். முழு விமானத்தையே காற்றுக் குகையில் நிறுத்தினர், இங்கிலாந்தில் பார்ன்பரோவிலும் பிரான்சில் ஷாலே மெதோனிலும். வெளிப்பட்டது உண்மை. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால், ஓட்டுபவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிடியை இழுப்பான், முன்சிறகு நிமிரும். ஆனால் முன்சிறகின் பின்விளிம்புக்கும் பின்சிறகின் முன்விளிம்புக்கும் இடையே உள்ள குறுகிய சந்து வழியே காற்று விரைந்து பாய்ந்து, பின்சிறகைத்தான் மேலும் தூக்கும். வால் எழும், மூக்கு இன்னும் கவிழும். காக்க வேண்டிய கையே கவிழ்க்கும் கை! எடையின் நடுப்புள்ளி துலாக்கோலின் முள்போல நுண்ணியது. அவரவர் விருப்பப்படி எஞ்சினை மாற்றியபோது அதுவும் இடம் பெயர்ந்தது. பிரிட்டன் அவ்வாண்டே அவ்விமானங்களுக்கு அனுமதியை நிறுத்திற்று.

மின்யே ஆர்வத்தில் அவசரப்பட்டார் என்றே நாம் கருதுகிறோம். தாம் பறந்து பார்த்தது போதும் என்று எண்ணினார். அவர் பறந்து பாராத அந்தச் சாய்வில் பிறர் உயிர் போயிற்று. அதைப் பூசி மெழுக நமக்கு விருப்பமில்லை. ஆயினும், பிழையைப் பிடிக்க முடிந்தது எதனால்? அளவுகள் அச்சில் இருந்ததனால்தான்.

நம் நாட்டிலும் ஒரு விமான நூல் உண்டு. பரத்வாச முனிவர் அருளியதாம், ‘வைமானிக சாத்திரம்’. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர் ஐவர் அதனை எடுத்து ஆய்ந்தனர். 1904-க்கு முற்பட்டதன்று நூல் என்றனர். அதிலுள்ள விமானங்கள் பறக்கும் தகுதியற்றவை என்றனர். அதன்பின் அந்நூலைத் திருத்தியவர் உண்டா? இல்லை. 2015-ல் மும்பையில் கூடிய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே பண்டை விமானப் பெருமை மறுபடி பேசப்பட்டது!

பேனின் கதை வேறு. சிறகுகளின் இடைவெளி மாற்றப்பட்டது, எடையின் நடுப்புள்ளிக்கு எல்லை வகுக்கப்பட்டது. மின்யே 1965-ல் மறையும்வரை புதுப்புது வடிவங்களை வரைந்துகொண்டே இருந்தார். எமிலியன் குரோசே என்ற பிரெஞ்சுக்காரர் அதே இரட்டைச்சிறகு முறையில் தம் விமானங்களை உருவாக்கினார். அமெரிக்கா 1982-ல், 254 பவுண்டுக்குக் குறைந்த ஒற்றையாள் விமானத்துக்கு ஓட்டுநர் உரிமமே வேண்டாம் என்று விதி செய்தது. 1984-ல் மின்யே பெயர் தாங்கிய நிறுவனத்திடமிருந்து ‘பாலெரி’ வந்தது. பிரெஞ்சுப் படையும் அதை வாங்கிற்று. முன்னே ஒரு சிறகு, பின்னே ஒரு சிறகு.