ராத்திரி 12 மணி அலாரம் உங்க மொபைல்ல அடிக்கட்டும்!

பாட்டி படுத்த படுக்கையா இருக்காங்களா? படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கிறது முக்கியம். ஒரே பக்கமாகப் படுத்தே இருந்தால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் புண்ணாகிடும்.

பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும். இழுத்தால் தோல் உரியும்; இருவராகத் தூக்கித் திருப்புங்க. தொடும் முன் அவங்ககிட்ட சொல்லிடுங்க.

குதிகால், இடுப்பு, வால் எலும்புப் பகுதியைத் தினமும் பாருங்க. அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையலைன்னா, அதுதான் முதல் எச்சரிக்கை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்க.

2 மணி நேரம்னா ராத்திரியும் சேர்த்துத்தான். பல வீடுகளில் அதற்கு எழுந்திருப்பது அம்மா மட்டுமே. இன்னிக்கு ஒரு முறையாவது நீங்க எழுந்திருங்க.