கல்யாணக் கழுத்து: பழனி அடிவாரத்து மணிகளிலிருந்து கழுத்துரு வரை

கல்யாணப் பெண்ணுக்கு "கழுத்து நிறைய" ஒரு நகை வேணும்னு பேச்சு ஆரம்பித்தால், நம்ம வீடுகளில் அது ரெண்டு கேள்வியில் முடிந்துவிடும். புடவைக்கு எடுப்பா இருக்குமா? எத்தனை பவுன்? மூணாவதா ஒரு கேள்வியும் உண்டு, இப்போ யாரும் கேட்பதில்லை: இந்த நகை பிரியுமா? தனித்தனியா எண்ண முடியுமா, எடை போட முடியுமா, வேணும்போது ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா?

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். பிரித்துச் சேர்க்கக்கூடிய பொருள் எதைக் கண்டாலும் கொஞ்சம் கூடுதலா உற்றுப் பார்ப்பது தொழில் வியாதி. ஆனால் பழைய தமிழ்க் கழுத்தணிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது என் வியாதி மட்டும் இல்லைன்னு தோணுது. நமக்குத் தடயம் கிடைத்திருக்கிற பெரிய நகைகளில் பலவும் பிரிக்கக்கூடியவையே.

பொருந்தல்

பழனியிலிருந்து தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்றொரு கிராமம். 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. அந்த ஊர் செய்தித்தாளில் அடிபட்டது ஒரு பிடி நெல்லாலும் ஒரு சொல்லாலும். ஒரு கல்லறைக்குள் நாலு கால் சாடியில் நெல், பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஒரு புரிமனை. அந்த நெல்லை ஏ.எம்.எஸ். முறையில் சோதித்தபோது பொ.மு. 490 என்று காலம் வந்தது. எழுத்து எவ்வளவு பழசு என்ற விவாதத்தில் அதே கல்லறைகளில் கிடைத்த இன்னொரு விஷயம் பின்னுக்குப் போய்விட்டது: ஆயிரக்கணக்கான மணிகள்.

அவற்றில் சூதுபவள மணிகள் நிறைய. சிலவற்றில் வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கும். காரப் பொருளால் கோடு வரைந்து சூடு காட்டினால், அந்தக் கோடு கல்லிலேயே வெள்ளையாப் பதிந்துவிடும். கொங்குப் பகுதியின் இன்னொரு பெரிய களமான கொடுமணலில் மணி செய்யும் பட்டறைகளே இருந்தன. அங்கேயும் ஒரே ஈமச்சின்னத்தில் 2,000-க்கு மேல் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன.

இவை மணப்பெண் அணிந்தவை என்று கல்லறை சொல்லவில்லை. சொல்வது இதுதான்: ஆளின் மதிப்பைக் கழுத்தில் காட்ட வேண்டுமென்றால் அன்று ஒரே பெரிய கல்லைத் தேடவில்லை, சின்ன மணிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். கோத்தால் மாலை, அவிழ்த்தால் கைமுதல்.

காசும் பவுனும்

அதே பழனி வட்டாரத்தில், கலையம்புத்தூரில், 1856-இல் அறுபதுக்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்த வணிகத்தின் மிச்சம். இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் சிலவற்றில் துளை போட்டிருக்கிறது, சிலவற்றில் வளையம் பற்றவைத்திருக்கிறது. அதாவது சீசரின் தலை இங்கே யார் கழுத்திலோ தொங்கியிருக்கிறது.

இதே வேலையைப் பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து விக்டோரியா ராணியின் தலை செய்தது. இங்கிலாந்தின் 'சாவரின்' ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்கக் காசு, 7.988 கிராம், 22 காரட். நம்ம வாயில் 'பவுன்' ஆனது அந்தப் பவுண்டுதான். 1918-இல் பம்பாயிலேயே அந்தக் காசை அடித்தார்கள். காசைக் கோத்துக் காசுமாலை செய்தார்கள். காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. எடை மட்டும் 8 கிராமாக முழுமையாகி நம்மிடம் தங்கிவிட்டது. கடைக்காரர் '916' என்கிறாரே, அதுவும் 24-இல் 22 பங்கு என்கிற அதே கணக்குதான்.

காசுமாலையின் அழகு தனி. அதைவிடப் பெரிய விஷயம், குடும்பத்துக்கு ஒரு இடைஞ்சல் வந்தால் ரெண்டு காசை மட்டும் கழற்றலாம். மாலை கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான்.

கல்லில் வெட்டிய ரசீது

எண்ணி எடை போடும் பழக்கம் எவ்வளவு கறாராக இருந்தது என்று பார்க்கத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் உமா பரமேசுவரித் திருமேனிகளுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அங்கே கல்வெட்டாக இருக்கிறது. ஒவ்வொரு நகையிலும் எத்தனை முத்து, அதில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, ஒப்புமுத்து எத்தனை, கறடு எத்தனை என்று தரவாரியாகக் கணக்கு. பொன்னை எடை போட 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட ஒரு கல், நகைகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று வேறொரு கல். முத்தின் எடையைச் சொல்லும்போது கோத்த சரடும் மற்றதும் நீக்கி. முழு நகையின் எடையென்றால் அரக்கும் சேர்த்து என்ற குறிப்போடு.

சாமிக்குக் கொடுத்ததிலேயே அரக்கு எடையை மறைக்கவில்லை. நம்ம பில்லில் அது எங்கே இருக்கு?

கழுத்துரு

தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்தே வருகிற நகரத்தார்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய மணநகை அவர்களுடையது என்று சொல்லலாம். பெயர் கழுத்துரு, கழுத்திரு என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூசிய முறுக்கு நூலில் சுமார் 35 பொன் உருப்படிகளைக் கோப்பார்கள். நடுவில் திருமாங்கல்யம், பக்கத்தில் விரல் நீட்டிய கை போன்ற ஏத்தனங்கள், பிறகு உருக்கள், சரிமணி, கடைமணி, குச்சி, தும்பு என்று வரிசையாக. கல்யாணத்தன்று அணிவார்கள், கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி அணிவார்கள். மற்ற நாளில் பெட்டியில் இருக்கும்.

பார்க்க அது ஒரே நகை. உண்மையில் அது ஒரு கூட்டம். நூல் நைந்தால் புது நூலில் கோக்கலாம். 1942-இல் பர்மாவை விட்டு வந்தபோது பல குடும்பங்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தன. நிலத்தைக் கையில் தூக்கி வர முடியாது. நகை எப்போதும் கையோடு வரும். இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில்கூட 19-ஆம் நூற்றாண்டுக் கழுத்துரு ஒன்று இருக்கிறது.

யாருடைய நகை?

இதெல்லாம் ஏன் முக்கியம் என்றால், 'சீதனம்' என்ற சொல்லே 'ஸ்திரீதனம்', அதாவது பெண்ணின் சொத்து. 1707-இல் டச்சுக்காரர்கள் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் சீதனம் பெண்ணுக்குரிய சொத்தின் பெயர்தான். நம்ம பேச்சில் மட்டும் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பொருளாகத் தடம் மாறிவிட்டது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: ஸ்திரீதனம் மனைவிக்குச் சொந்தம், கணவன் வீட்டார் அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம்.

அப்படியானால் மணநகை என்பது அவளுடைய வைப்புத்தொகை. அவசரத்துக்கு எடுக்க முடியாத வைப்புத்தொகையால் என்ன பிரயோஜனம்?

இப்போ கடையில் 'ஆன்டிக்', 'டெம்பிள்' என்று காட்டுகிற பெரிய ஆரங்கள் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கின்றன. வாங்குவது தப்பில்லை. ஆனால் பல ஆரங்கள் ஒரே துண்டு. கல், அரக்கு, மெழுகு எல்லாம் உள்ளே. ஆகவே சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்:

- மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் பில்லில் தனித்தனியா இருக்கணும்.
- செய்கூலியும் சேதாரமும் எதன் மேல் போடப்படுது? நிகர எடை மேலா, மொத்த எடை மேலா?
- ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. முத்திரை இருக்கா? 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளுக்கு அது கட்டாயம். குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கு விலக்கு இருப்பதால், அவற்றில் கூடுதல் கவனம் வேணும்.
- பதக்கம் தனியா, சரம் தனியா கழலுமா? கழன்றால் ரெண்டையும் தனித்தனியா அணியலாம், பின்னாளில் ரெண்டு மகள்களுக்குக் கொடுக்கலாம்.
- பில் யார் பெயரில்? பெண்ணின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு பிரதி அவள் கையிலேயே இருக்கட்டும்.

கடைசியா சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ராஜராஜன் கொடுத்த நகைகள் இன்று ஒன்றுகூடத் தஞ்சைக் கோயிலில் இல்லை. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எத்தனை முத்து, எவ்வளவு பொன் என்ற கணக்கு மட்டும் ஆயிரம் வருஷமாக் கல்லில் நிற்கிறது.