துணி வணிகர் கண்ட நுண்ணுலகம்

அறுவை வாணிகரும் கூல வாணிகரும் புலவராய் வீற்றிருந்த வரலாறு நம் மொழிக்கு உண்டு. துணி அளக்கும் கோலும் எழுத்தாணியும் ஒன்றையொன்று பகைத்தவை அல்ல என்பதனை மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், கூல வாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயர்களே உணர்த்தும். அத்தகைய வணிகர் ஒருவரை மேலை நாட்டு அறிவியல் வரலாற்றிலும் காண்கின்றோம். ஆலந்து நாட்டு டெல்ப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் என்பவரே அவர். பல்கலைக்கழக வாயிலை மிதியாதவர். அந்நாளைய அறிஞர் மொழியாகிய இலத்தீனை அறியாதவர். தம் தாய்மொழியாகிய டச்சு ஒன்றையே கொண்டு வாழ்ந்தவர். வெறுங் கண்ணுக்குப் புலனாகாத உயிருலகம் ஒன்றினை உலகிற்குக் காட்டியவர் அவரே. அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் குடும்பத்தினரோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதற்கண், 'செல்' என்னும் பெயர் பிறந்த கதையைக் கூறுதல் வேண்டும். இங்கிலாந்து நாட்டு ராபர்ட் ஹூக் என்பார் 1665ஆம் ஆண்டில் 'மைக்ரோகிராபியா' என்னும் நூலை வெளியிட்டார். தக்கையொன்றைக் கூரிய கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினார் அவர். தேன்கூட்டின் கண்கள்போல் நெருங்கிய அறைகள் தோன்றின. சிற்றறை எனப் பொருள்படும் 'செல்' என்னும் சொல்லால் அவற்றைக் குறித்தார். ஒரு கன அங்குலத் தக்கையில் அவ்வறைகள் 125 கோடிக்கு மேற்பட்டவை என்றும் கணக்கிட்டார். ஆயினும் அவர் கண்டவை உயிர் நீங்கிய தக்கையின் வெறுஞ் சுவர்களே. குடியிருந்தோர் போய்விட்ட வீட்டைக் கண்டாரேயன்றி, வாழும் குடியை அவர் அதிற் காணவில்லை.

உயிருள்ள நுண்பொருள்களைக் காணும் பேறு லீவன்ஹூக்குக்கு வாய்த்தது. துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க அந்நாளைய வணிகர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையாண்டனர். அதனினும் பன்மடங்கு ஆற்றலுள்ள வில்லைகளைத் தம் கையாலேயே செய்துகொண்டார் இவர். அவருடைய கருவி உள்ளங்கையில் அடங்குவது, இரண்டு சிறு உலோகத் தகடுகள், அவற்றின் நடுவே மிகச் சிறிய ஒற்றை வில்லை, பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசிமுனை, அதனை ஏற்றி இறக்கத் திருகாணிகள், இவ்வளவே. எஞ்சியுள்ள அவர் கருவிகளுள் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்ட வல்லது.

1673ஆம் ஆண்டு முதல் தாம் கண்டவற்றையெல்லாம் இலண்டன் இராயல் கழகத்துக்கு மடல்களாக எழுதத் தொடங்கினார். எழுதியதோ தம் டச்சு மொழியில். கழகத்தார் அவற்றை மொழிபெயர்த்து அச்சிட்டனர். 1676ஆம் ஆண்டில் மிளகின் காரம் எதனால் உண்டாகின்றது என்று அறிய விரும்பி, மிளகை நீரில் ஊறவைத்தார். காரத்தின் காரணம் கிட்டவில்லை. அந்நீரில் எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் நீந்தக் கண்டார். அவற்றுள் மிகச் சிறியனவற்றையே இன்று நாம் பாக்டீரியா என்கின்றோம். அம்மடலைக் கண்ட கழகத்தார் ஐயுற்றனர். லீவன்ஹூக் சினம் கொள்ளாது, தம் ஊர்ப் பெரியோர் பலரை அழைத்துக் காட்டி, அவர்தம் சான்றுரைகளை அனுப்பி வைத்தார். 1677ஆம் ஆண்டு நவம்பரில் ஹூக்கே மிளகு நீரை ஆராய்ந்து, அவ்வுயிர்களைக் கழகத்தார் கண்முன் காட்டினார். 1680இல் அத்துணி வணிகர் இராயல் கழக உறுப்பினரானார்.

இத்துணைப் பெரியாரிடத்தும் ஒரு குறை இருந்தது. தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை அவர் எவருக்கும் கூறவில்லை. 500க்கு மேற்பட்ட வில்லைகளைச் செய்தவர் 1723இல் மறைந்தபோது, அக்கைத்திறனும் அவரோடு மறைந்தது. 2021ஆம் ஆண்டில் ஆலந்து ஆய்வாளர் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, தகடுகளைப் பிரிக்காமலே அவருடைய வில்லையை ஆராய்ந்தனர். கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கித் திரட்டிய சிறு மணியே அது என்று தெரிந்தது. வியப்பு யாதெனின், அம்முறையை ஹூக் எல்லாரும் அறிய முன்னரே அச்சிட்டிருந்தார்!

அதன்பின் அறிவியல் வேறு வழியில் முன்னேறிற்று. இன்று பள்ளிகளில் உள்ள நுண்ணோக்கியில் வில்லைகள் இரண்டு இடங்களில் அமைந்துள்ளன. பொருளருகே உள்ளது பெரிய பிம்பத்தை உண்டாக்கும். கண்ணருகே உள்ளது அப்பிம்பத்தை மீண்டும் பெருக்கும். முன்னது 40 மடங்கும் பின்னது 10 மடங்கும் பெருக்கினால், நாம் காண்பது 400 மடங்கு. பழைய கூட்டு நுண்ணோக்கிகளில் நிறக் கறைகள் படர்ந்து உருவம் மங்கும். அதனை நீக்கும் நெறியை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 1830இல் விளக்கினார். 1838இல் ஷ்லைடன் செடிகளும், 1839இல் ஷ்வான் விலங்குகளும் செல்களால் ஆனவை என்றனர். ஒவ்வொரு செல்லும் முன்னைய செல்லினின்றே பிறக்கும் என்று விர்ஷோ 1855இல் நிறுவ முற்பட்டார். நம் நாட்டிலும் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டது நுண்ணோக்கியின் வாயிலாகவே.

ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றினும் நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. அவ்வெல்லையை அபே என்பவர் 1873இல் விளக்கினார். ஒளிக்கு மாற்றாக எலெக்ட்ரான் கற்றையைக் கொண்டு 1931இல் ரஸ்காவும் நோலும் அமைத்த கருவி, அவ்வெல்லையைக் கடக்கும் வழியைத் திறந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. காண்பது மட்டும் போதாது. கண்டதைச் சொல்லுதல் வேண்டும். பிறரும் காணும்படி வழியைத் திறந்து வைத்தல் வேண்டும். சொல்லுதற்குத் தாய்மொழி தடையன்று என்பதற்கு அவ்வணிகரின் மடல்களே சான்று. மறைத்த கலை மங்கும் என்பதற்கு அவர் வில்லைகளே சான்று.

ஊர் விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகள் பிற மொழிகளிலேயே அறிவியல் பயில்கின்றனர். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆயின் பள்ளியில் வெங்காயத் தோலை அயோடினில் தோய்த்து நுண்ணோக்கியில் நோக்கிவிட்டு வரும் பிள்ளையை, மாலையில் அருகமர்த்தி, "என்ன கண்டாய், கண்ணே?" என்று தமிழில் வினவுவோமாக. சொல் தெரியாது தடுமாறின், செல்லை உயிரணு என்றும் கண்ணறை என்றும் கூறலாம் என எடுத்துக் கொடுப்போமாக. பாட்டிக்கும் விளங்கும்படி அப்பிள்ளை சொல்லி முடிக்குமாயின், அது தான் கண்டதை உண்மையிலேயே கற்றுவிட்டது என்று நாம் மகிழலாம்.